ஒத்தை ஒத்தையா

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று சலூனில் என் மானம் போனது. சத்தமில்லாமல் போயிருந்தால் பரவாயில்லை. ஆறு பேர் பார்க்க, முகத்தில் நுரையோடு நான் உட்கார்ந்திருக்கும்போது போனது.

பக்கத்து நாற்காலியில் கல்யாணத் தரகர் முத்துவீரப்பன். "பையனுக்கு இருவத்தாறு முடியப் போகுது பெரியண்ணா, ஜாதகத்தக் குடு" என்று ஆரம்பித்தார். எனக்கு இன்றைக்கென்று பெருமை. "இனி உங்க தயவு வேண்டாமுங்க. சென்னையில ஒரு கம்பெனிக்காரன் சிங்கிள்ஸ் எல்லாத்தையும் சேர்த்து ஆல்பம் போடறானாம். என்ற பையன் படந்தான் முன் அட்டையில" என்றேன். தரகர் பயந்துபோய், "பொண்ணு வீட்டுக்காரங்க நேரா அங்கயே பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார். "ஆமா, பதினொண்ணு இருக்குதாம்" என்றேன்.

சவரம் செய்துகொண்டிருந்த பன்னீர் கத்தியை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தான். "அண்ணா, சிங்கிள்ஸ்னா கல்யாணம் ஆகாதவன் இல்லீங்க. ஒத்தைப் பாட்டு. ஒரு பாட்டா ஒரு பாட்டா விட்டாங்கல்ல, அதெல்லாம் சேர்த்து ஒரே இசைத்தட்டுல வருது."

நான் எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். கூட்டிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து பையனிடமே கேட்டேன். "ஏங்கண்ணு, சிங்கிள்ஸ்னா ஒத்தைப் பாட்டாமே?"

"ஆமாங்கப்பா. நீங்க என்ன நெனச்சீங்க?"

"அதேதான் நெனச்சேன்."

அவன் பேர் திருமாறன். வீட்டில் கண்ணு. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பேர், தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பகலில் ஜமக்காளம், தலையணை உறை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தையல் பிசிறு பார்க்கிற வேலை. சாயங்காலம் பாட்டு. கிதாருக்கு ரியாஸ், கீபோர்டுக்கு பிரிசில்லா, டிரம்முக்கு ஒரு குளித்தலைப் பையன். இந்தக் கூட்டத்துக்கு 'டாலடி' என்று பேர். கிளாம் ராக் என்று ஒரு வகையாம். ஆம்பிளைகள் கண்ணுக்கு மை தீட்டி, பளபள சட்டை போட்டு, உயர்ந்த செருப்பில் நின்று பாட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் முதல் தடவை அவன் உதட்டுச் சாயத்தோடு வந்து நின்றபோது அவன் அம்மா சௌந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கரூரில் முப்பத்தோரு வருஷமாக பஸ் பாடிக்குப் பெயின்ட் அடிக்கிறேன். பளபளப்பில்லாமல் ஒரு வண்டி ஊர் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 16, சனி

ஆல்பத்துக்குத் தலைப்பு நான் வைத்தது. வைத்தது என்று சொல்வது அதிகம். அவர்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதேதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மிக்சர் தட்டை வைத்துவிட்டு, "ஒத்தை ஒத்தையா வந்ததுதானே, ஒத்தை ஒத்தையான்னே வெச்சுத் தொலைங்களேன்" என்றேன். பிரிசில்லா பென்சிலை நிறுத்தினாள். "அங்கிள், அதான்" என்றாள்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பதினொரு பாட்டில் ஒன்பதுக்கு மெட்டு அவளுடையதாம். முகத்துக்குப் பூசிவிடுவதும் அவள்தான். இன்றைக்கு மாறனின் சட்டைக்கு ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவன் பார்த்த பார்வையை சௌந்தரமும் பார்த்தாள், நானும் பார்த்தேன். நாங்கள் இருவரும் பிறகு தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அட்டைக்குப் போட்டோ எடுத்தாயிற்று. எங்கள் பட்டறையில்தான். ஞாயிறு வேலை இல்லை என்று முதலாளி சாவியைக் கொடுத்தார். புதிதாக அடித்து நிறுத்தியிருந்த சிவப்பு ஆம்னி பஸ்ஸுக்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். அந்தச் சிவப்புக்கு மேல் நான் அடித்த வெள்ளிப் பொடி வெயிலில் மீன் செதில் மாதிரி மின்னியது. போட்டோக்காரர் கேமராவைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி மங்கலா இருக்குதுங்க. பஸ்தான் ஹீரோவாட்டம் தெரியுது" என்றார். எனக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி.

பிறகு சரியானது. எப்படிச் சரியானது என்பதை எழுதி என் பெருமையை நானே பாடிக்கொள்ள வேண்டாம். ஆல்பம் வந்தபிறகு ஒருநாள் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

கேமராவின் சின்னத் திரையில் காட்டினார்கள். மாறன் கண்ணைச் சுற்றி நட்சத்திரம் கொட்டின மாதிரி. "ஏங்கண்ணு, என்ற பஸ்ஸையே தோக்கடிச்சுட்டயே" என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாறனுக்கு இடது கண் சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ. பட்டறையிலும் இரண்டு பேருக்கு இருக்கிறது. சௌந்தரம் ரோஜா தண்ணீர் விட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். நான் வாங்கினால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். மோட்டார் ரிப்பேர். வெங்காயம் வாங்க மறந்து திட்டு.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோயம்புத்தூர். கண் ஆஸ்பத்திரி.

நேற்று ராத்திரி முழுக்க அவன் உட்கார்ந்தே இருந்திருக்கிறான், எங்களை எழுப்பவில்லை. விடிந்து பார்த்தால் கருவிழியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ரியாஸ் கார் கொண்டுவந்தான். பிரிசில்லாவும் வந்தாள்.

டாக்டர் அம்மா விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஊசி முனையில் என்னவோ எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தார். "கண்ணச் சுத்தி என்ன போட்டீங்க?" என்று கேட்டார். பிரிசில்லா கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இது மூஞ்சிக்குப் போடற சாமான் இல்லம்மா. ஒவ்வொண்ணும் பிளேடு மாதிரி இருக்கு. கருவிழியக் கீறிருக்கு. கீறுன எடத்துல பூஞ்சக் காளான் பிடிச்சிருக்கு. எங்க வாங்குனீங்க இத?"

"பேன்சி ஸ்டோர்ல மேடம். மூஞ்சிக்குன்னு சொல்லித்தான்..." என்று இழுத்தாள்.

சௌந்தரம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தவள் மாதிரி ஆரம்பித்தாள். "பவுடர் பூசறேன், பவுடர் பூசறேன்னு வந்து என்ற புள்ளையக் குருடாக்கிட்டயேடி." ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். மாறன், "அம்மா, விடுங்க" என்றான், ஆனால் பிரிசில்லா பக்கம் திரும்பவில்லை.

சுவரில் ஒரு பலகை இருந்தது. செருப்பைக் கழற்றி வைக்க வேண்டிய இடம், டோக்கன் வாங்க வேண்டிய ஜன்னல், சாப்பாட்டு நேரம். அதை நான் மூன்று தடவை படித்தேன். சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை முதல் இரண்டு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டறையில் மூன்றாவது தட்டில் இருக்கிற டப்பாவைப் பற்றி இந்த டைரியில் எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதுகிறேன்.

போட்டோக்காரர் மூஞ்சி மங்கல் என்றதும் பிரிசில்லா குப்பியைத் திறந்து வைத்துவிட்டு டிரம் பையனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கப் போனாள். குப்பியில் இருந்தது கண்ணாடிக் கஞ்சி மாதிரி ஒன்று, அதில் பொடி ரொம்பக் குறைச்சல். நான் மூன்றாவது தட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போடுகிற வெள்ளிப் பொடியில் இரண்டு சிட்டிகை எடுத்து அதில் போட்டுத் தீக்குச்சியால் கலக்கினேன். முப்பத்தோரு வருஷமாக என் கையில், மூக்கில், சாப்பாட்டில் கூட விழுந்திருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று? அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததுகூட இல்லை. பஸ் என்றாலும் பையன் என்றாலும் கை ஒன்றுதானே.

அவள் திரும்பி வந்து குப்பியைக் குலுக்கி, "அட, அடியில தங்கிருச்சாட்ட இருக்கு. இப்ப பாருங்க, எப்பிடி மின்னுது" என்று சொல்லி அவன் கண்ணைச் சுற்றிப் பூசினாள். நான் அந்தப் பக்கம் நின்று தீக்குச்சியைத் துடைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த டைரி பெயின்ட் ஏஜென்ட் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஈரம் தங்காது, நிறம் மங்காது' என்று அச்சடித்திருக்கிறார்கள். இத்தனை மாதம் அதை நான் படித்ததில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மணிக்கொரு சொட்டு. பால் மாதிரி இருக்கிறது மருந்து. மாறன் வீட்டுக்கு வந்துவிட்டான், வாரம் ஒருமுறை கோயம்புத்தூர். பகலில் சொட்டு விடுவது என் வேலை. பட்டறைக்கு லீவு.

ஆகஸ்ட் 30, சனி

மணிக்கொரு சொட்டு.

செப்டம்பர் 3, புதன்

பிரிசில்லா அந்தப் பேன்சி ஸ்டோருக்குப் போய்ச் சண்டை போட்டாளாம். கடைக்காரர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம், அதே பெட்டிக் குப்பியைத்தான் தன் மகளும் பூசுகிறாள் என்று. ரியாஸ் வந்து சொன்னான். "பொய் சொல்றாருங்க மாமா. எச்ச சாமான வித்துட்டு" என்றான்.

நான் டீ ஆறுகிறது என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆஸ்பத்திரி. மருந்து கேட்கிறதாம், ஆனால் மெதுவாக. தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டர் அம்மா. எவ்வளவு பெரிதாக நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வராந்தாவில் காத்திருக்கும்போது ஒரு பெரியவர் கண்ணில் கட்டோடு இருந்த ஒரு சின்னப் பெண்ணை, "வா கண்ணு, இங்க வந்து உக்காரு கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம்தான் போல. மாறன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். திரும்பி வந்து, "மாறா, இந்தா" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தரகர் முத்துவீரப்பன் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். மஞ்சள் பையில் இரண்டு ஜாதகம் இருந்தது, மேலே நீட்டிக்கொண்டு தெரிந்தது. காபி குடித்தார், மாறனைப் பார்த்தார், பையைக் காலுக்கடியில் தள்ளினார், போகும்போது திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் சௌந்தரம் சொன்னாள்: "எல்லாத்துலயும் ஒரு நல்லது இருக்குமுங்க. அந்தப் பொண்ணு இனி இந்தப் பக்கம் வராது. வேற சாதி, வேற சாமி, நாளைக்கு ஒரு பிரச்சனைன்னு வந்தா..."

அந்த நினைப்பு எனக்குள்ளும் ஒரு மூலையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னதும் அது தலையாட்டியது. டைரிக்குக் காது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாலு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. மாறன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தடவை மாடிக்குப் போய்ப் பாடிப் பார்த்தான். குரல் அப்படியே இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டான். கீபோர்டு வர வேண்டிய இடம் அது.

கீழே வந்து, "தலைப்பு நல்லாத்தான் வெச்சீங்கப்பா. ஒத்தை ஒத்தையா" என்றான். ஒற்றைக் கண்ணைச் சொல்கிறான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் சிரிக்கவும் செய்தேன். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன்.

செப்டம்பர் 27, சனி

ரியாஸ் வந்தான். தட்டு அச்சடிக்கிற கம்பெனி, அட்டையில் வரவேண்டிய பெயர்களை மூன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

"பிரிசில்லா மெசேஜ் அனுப்பிருக்கா. பதினொரு பாட்டுலயும் அவ பேர எடுத்துரச் சொல்றா. மெட்டு, கீபோர்டு, எதுவும் வேண்டாமாம்."

"மெட்டுக்குமா?" என்று கேட்டான் மாறன்.

"எதுலயும் வேண்டாம்னுட்டா. உன்ற மூஞ்சியப் பாக்கவே முடியலைங்கறா."

பிறகு மாறன், "எடுத்துரு" என்றான்.

டீத்தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். மூன்று டம்ளர் கொண்டுபோயிருந்தேன், பழக்கத்தில். முன்பெல்லாம் மூன்றாவது டம்ளர் அவளுக்கு.

ஒன்பது பாட்டு. தாய் பேர் இல்லாமல் ஒன்பது பிள்ளைகள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று காலையில் முடிவு செய்தேன். மாறன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். பல் துலக்கட்டும் என்று விட்டேன். பிறகு சாப்பிட்டான். சாப்பிடும்போது எப்படிச் சொல்வது? பிறகு தூங்கினான். எழுந்தபிறகு எனக்கு மோட்டார் ரிப்பேர் இருந்தது.

மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றி மாட்டினேன். இப்போது ஓடவில்லை.

அக்டோபர் 1, புதன்

பட்டறையில் ஆயுத பூஜை. லீவு முடிந்து போன வாரம்தான் வேலைக்குப் போனேன். வருஷா வருஷம் பெயின்ட் அறைக்குப் பொட்டு வைப்பது சீனியர் என்ற முறையில் நான்தான். முதலாளி சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "பெரியண்ணா, ஒண்ணு விடாம வெச்சுருங்க. நம்மளுக்குச் சோறு போடறது எல்லாமே சாமிதான்" என்றார்.

ஸ்ப்ரே துப்பாக்கிக்கு வைத்தேன். கம்ப்ரசருக்கு வைத்தேன். முதல் தட்டு, அடிப்பூச்சுக்கான பிரைமர் டின்கள். இரண்டாவது தட்டு, வார்னிஷ், தின்னர். மூன்றாவது தட்டுக்குக் கை போனது. அந்த டப்பாவின் மூடியை அன்றைக்கு நான் சரியாக மூடவில்லை, இன்னும் அப்படியே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருந்தது. விளிம்பில் என் கட்டைவிரல் தடம். வெள்ளிப் பொடியில் ரேகை ரேகையாக, ரேஷன் கடை மெஷின்கூட இவ்வளவு தெளிவாக எடுக்காது.

சந்தனம் தொட்ட விரலோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. "என்னங்க, அதுக்கு வெக்கலீங்களா?" என்று பின்னாலிருந்து முதலாளி கேட்டார்.

"இதுக்கு வேண்டாமுங்க" என்றேன்.

டப்பாவை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். திருடினது இல்லை, நாளைக்குத் திருப்பி வைத்துவிடுவேன்.

அக்டோபர் 2, வியாழன்

பிரிசில்லா வீட்டுக்குப் போனேன். பசுபதிபாளையத்தில் மாடி வீடு. இன்று நல்ல நாள் என்று தெருவில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு நெல்லில் எழுத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இன்றைக்குத்தான் எழுத்து ஆரம்பம்.

கதவைத் திறந்தவள் இளைத்துப்போயிருந்தாள். "மாறனுக்கு ஏதாச்சுமா அங்கிள்?"

"இல்லம்மா. நல்லா இருக்கான்." மஞ்சள் பையை நீட்டினேன். அவள் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். பாட்டு டீச்சருக்குப் பெயின்ட் சாமான் எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பொடியை அவள் ஆறு வாரமாகக் கனவில் பார்த்திருக்க வேண்டும். உடனே தெரிந்துவிட்டது.

"இது..."

"பஸ்ஸுக்குப் போடறது. நீ சட்டைக்குப் பொத்தான் தெக்கப் போனப்ப உன்ற குப்பியில நாந்தான் கலந்தேன். ரெண்டு சிட்டிக."

அவள் டப்பாவை மூடினாள். நான் செய்யாத காரியம், அழுத்தி, ஒழுங்காக மூடினாள்.

"ஆஸ்பத்திரியில நீங்க அங்கதான நின்னீங்க அங்கிள்?"

"நின்னேன்."

"ஆன்ட்டி என்னையப் பேசறப்ப."

"நின்னேன்மா. பலகையப் படிச்சிட்டு நின்னேன்."

"ஆறு வாரம் அங்கிள். நான் அந்தக் கடைக்காரரப் போயி, அவரு பொண்ணு முன்னாடி என்னென்ன வார்த்தை கேட்டேன் தெரியுமா? ஸ்கூல்ல நான் பிள்ளைங்க கையில சாக்பீஸ் குடுக்கவே பயப்படறேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்வதற்காக நாலு விதமாகப் பழகிக்கொண்டு போயிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள், "ஐயோ, அதெல்லாம் செய்யாதீங்க. அப்பறம் நான் உங்களச் சமாதானப்படுத்தணும்" என்று எரிச்சலாகச் சொன்னாள். கையை இறக்கிக்கொண்டேன். சரியாகத்தான் சொன்னாள்.

"மாறன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள். பையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் சொட்டு விடும்போது சொன்னேன். அவன் படுத்திருந்தான், தலை என் மடியில். கண் என் விரல்களுக்கு நடுவில் திறந்திருந்தது. வேறு நேரமாக இருந்திருந்தால் ஓடியிருப்பேன். கையில் கண் இருந்ததால் ஓட முடியவில்லை.

எல்லாம் சொன்னேன். டப்பா, தீக்குச்சி, பலகை. பசுபதிபாளையம்.

சொட்டு அவன் கண்ணில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"விளையாடாதீங்கப்பா" என்றான்.

"இல்ல."

எழுந்து உட்கார்ந்தான். வலது கண்ணால் என்னைப் பார்த்தான், தலையைக் கொஞ்சம் திருப்பி. இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறான்.

"தெரியாமச் செஞ்சீங்க. அது சரி. தெரியாமத்தான். செஞ்சதக்கூட விடுங்க." பிறகு, "அம்மா அவளத் திட்டறப்ப சும்மா நின்னீங்களே. நான் அவகிட்ட ஒரு வார்த்த நல்லாப் பேசல. ஆறு வாரம். நான் பேசலப்பா" என்றான்.

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். முதலில் ரியாஸுடன் பேசினான். "அவ பேர எல்லாத்துலயும் போடு. அவ வேண்டாம்னு சொன்னாலும் போடு. அஞ்சு மணிக்குள்ள." பிறகு ரொம்ப நேரம் சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். எடுத்தாளா என்று தெரியாது.

சௌந்தரத்திடம் அடுப்படியில் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னைய அந்தப் புள்ளய அப்படிப் பேச வெச்சீங்களே" என்றாள். குழம்பு தீய்ந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாறன் மூன்றாம் தேதியிலிருந்து ரியாஸ் வீட்டில்தான். சௌந்தரம் எனக்கு இட்லி வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

சௌந்தரம் முறுக்குச் சம்படத்தோடு தனியாகப் பசுபதிபாளையம் போய்விட்டு வந்தாள். சம்படம் காலியாகத் திரும்பி வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பேன்சி ஸ்டோருக்கு நான் போனேன். கடைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "போங்கண்ணா, ஏவாரம் நேரம்" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

மாறன் வீட்டுக்கு வந்துவிட்டான். மருந்து நிறுத்தியாயிற்று. நேற்று டாக்டர் அம்மா சொன்னது: பூஞ்சை போய்விட்டது, தழும்பு இருக்கும். பிரைமர் அடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரி என்று மாறன் சொன்னான். என் தொழில் வார்த்தை அவனுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து யாராவது தானம் கொடுத்த கருவிழியை வைத்துப் பார்க்கலாமாம். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "செத்தவங்கதுதான் எடுப்போம்" என்றார் அவர், எத்தனை அப்பன்களைப் பார்த்திருப்பாரோ.

மாறன் என்னோடு பேசுகிறான். உப்பு எடுங்க, மோட்டார் போடுங்க, அந்த மாதிரி.

நவம்பர் 23, ஞாயிறு

பிரிசில்லா பாட்டுப் பழகுவதற்கு ரியாஸ் வீட்டுக்கு வருகிறாளாம். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மூன்று டம்ளர் எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன், கை மட்டும் இன்னும் மூன்றாவதைத் தேடுகிறது.

டிசம்பர் 12, வெள்ளி

தட்டு வந்துவிட்டது. கறுப்பாக, தோசைக்கல் அளவுக்கு. எங்கள் தெருவில் ஒருத்தர் வீட்டிலும் அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பன்னீர் சலூனிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பதினொரு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டான். மாறன் சிரித்தான். மூன்று மாதத்தில் என் முன்னால் அவன் சிரித்தது இதுதான்.

பின் அட்டையில் பதினொரு பாட்டு. ஒன்பதில் மெட்டு பிரிசில்லா. கீபோர்டு பிரிசில்லா. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். தலைப்பு யார் வைத்தது என்று போடவில்லை. போட வேண்டியதில்லை.

முன் அட்டை அந்தப் படம்தான். வேறு எடுக்கலாம் என்று கம்பெனி சொன்னதாம், மாறன் வேண்டாம் என்றுவிட்டானாம். சிவப்பு பஸ், நாலு பேர், நடுவில் அவன். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து நேராகப் பார்க்கிறான். சுற்றிலும் என் வெள்ளிப் பொடி. அச்சடித்த முந்நூறு அட்டையிலும்.

வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், என்னமா மின்னுது என்று.

டிசம்பர் 19, வெள்ளி

நாளை சென்னையில் வெளியீடு, அவர்கள் பாட வேண்டும். காலை ஆறரை மணி பஸ். ஸ்டாண்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு நானும் போனேன். பிரிசில்லாவும் மற்றவர்களும் முன்னமே ஏறியிருந்தார்கள். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வணக்கமா, போதும் என்பதா தெரியவில்லை. நானும் அசைத்தேன்.

மாறன் ஏறுவதற்கு முன், என்னைப் பார்க்காமல், பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டான். "ஏம்ப்பா, இப்பெல்லாம் என்னைய மாறா, மாறான்னே கூப்புடறீங்க?"

"பெரிய பாட்டுக்காரனாயிட்ட. மரியாத குடுக்க வேண்டாமா?"

"ம்" என்றான். நம்பவில்லை. ஏறினான்.

அவனுக்குக் கிடைத்தது பிளாட்பாரம் பக்கத்து ஜன்னல். பஸ்ஸுக்கு அது இடது பக்கம். நான் நேர் கீழே, கை எட்டுகிற தூரத்தில் நின்று கையை ஆட்டினேன். அவன் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இந்தப் பக்கம் அவனுக்குப் பிரைமர் அடித்த கண்ணாடி. நான் இருப்பது தெரியாது. கூப்பிட்டால்தான் திரும்புவான்.

டிரைவர் வண்டியை எடுத்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். நாக்கில் வந்து நின்றது மாறன் இல்லை, திருமாறன் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கூப்பிட்ட அந்த ஒரே வார்த்தைதான் வந்து நின்றது.

பஸ் மனோகரா கார்னர் திரும்பும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன்.

கண்ணு.